மழை பெய்த மறுநாள் வாருங்கள்: கோல்ஃப் தரவரிசைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க கோல்ஃப் பத்திரிகைகளின் ‘தலைசிறந்த நூறு மைதானங்கள்’ பட்டியலுக்கு மதிப்பெண் போடும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் வட கரோலினாவில் ராலே பக்கம் குடியிருப்பவன். தொழில் வடிகால் பொறியியல். மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், எந்தப் பக்கம் ஓடும், எந்தக் குழாய் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் 20 வருடப் பிழைப்பு. கோல்ஃப் பைத்தியம் நாற்பது வயதுக்கு மேல் பிடித்தது. ஹேண்டிகேப் 19 (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளுக்கு மேல் தோராயமாக எத்தனை அடி கூடும் என்ற கணக்கு; எண் குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர்). அதாவது, உங்கள் குழுக்களில் எனக்கு இடமே கிடையாது.

இந்த மடலை எதற்குத் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்கலாம். சனிக்கிழமை காலைகளில் என்னோடு ஆடும் மூன்று பேரும் தமிழர்கள். ஐ.டி. வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் நடுவில் வருடத்தில் ஒரே ஒரு கோல்ஃப் பயணம் போகிறவர்கள். எங்கே போவது என்பதை உங்கள் பட்டியல்தான் முடிவு செய்கிறது. “அது 37வது இடமாம்பா, போயே ஆகணும்” என்று ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் கிரெடிட் கார்டை எடுக்கிறார்கள். ஆகவே நீங்கள் போடும் மதிப்பெண் எங்கள் பாக்கெட் வரை வருகிறது. மைதானங்களை வடிவமைப்பவர்களுக்கோ அது சோறு. பட்டியலில் ஏறியவருக்கு அடுத்த ஒப்பந்தம் தேடி வரும். ஏறாதவர் அடுத்த வேலைக்காக நகராட்சி அலுவலகத்தில் காத்திருப்பார்.

பட்டியல் போடுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. நானும் படிக்கிறேன், நண்பர்களோடு சண்டையும் போடுகிறேன். என் குறை ஒன்றுதான். வடிவமைப்பாளரின் வேலைக்கு மதிப்பெண் போடுவதாகச் சொல்லிவிட்டு, பெரும்பாலும் வேறு எதற்கோ போடுகிறீர்கள்.

கோல்ஃப் டைஜஸ்ட் 1966ல் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் பாசாங்கு இல்லை. அமெரிக்காவின் மிகக் கடினமான 200 மைதானங்கள் என்பதுதான் அதன் பொருள். ‘தலைசிறந்த’ என்ற சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் கடினம்தான் உயர்வு என்ற அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. அவர்களுடைய மதிப்பெண் தாளில் பல வருடங்களாக ஒரு தலைப்பு இருந்தது: மைதானம் ஆட்டக்காரனின் ஸ்கோருக்கு எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பது. இப்போது அதற்குப் பெயர் ‘சவால்’. பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை. பின் டீயிலிருந்து (டீ என்பது ஒவ்வொரு ஹோலிலும், அதாவது மைதானத்தின் 18 பகுதிகளில் ஒவ்வொன்றிலும், முதல் அடி அடிக்கும் இடம்; பின் டீ ஆகத் தூரத்தில் இருப்பது) ஆடும் ஸ்கிராட்ச் ஆட்டக்காரனுக்கு, அதாவது ஹேண்டிகேப் 0 உள்ளவனுக்கு, இந்த மைதானம் எவ்வளவு கடினம், நியாயமாகவும் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஹேண்டிகேப் பதிவு செய்து ஆடும் ஆண்களின் சராசரியே சுமார் 14. பெண்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அந்தக் கேள்வியில் இவர்கள் எவருமே இல்லை.

மற்ற இரண்டு பத்திரிகைகளின் முறை வேறு என்பதும் தெரியும். கோல்ஃப் மேகசின் தலைப்பு வாரியாக மார்க் கேட்பதில்லை. நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட சிறிய குழு, ஒவ்வொரு மைதானத்தையும் முதல் பத்துக்குள், 25க்குள், 50க்குள் என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் போடுகிறது. கோல்ஃப்வீக் 1960ஐ எல்லைக்கோடாக வைத்து, அதற்கு முந்தியவை செவ்வியல், பிந்தியவை நவீனம் என்று இரண்டு பட்டியல் போடுகிறது. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. தாத்தாவையும் பேரனையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் விடுவதில்லை அல்லவா?

இரண்டு கோடைக்கு முன்னால் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஒரு தனியார் கிளப்பில் விருந்தாளியாக ஆடப் போயிருந்தேன். கிளப் பெயர் வேண்டாம். எங்கள் நால்வரில் ஒருவர் உங்களைப் போன்ற குழு உறுப்பினர். நல்ல மனிதர், அருமையான ஆட்டக்காரர். பின் டீயிலிருந்து அடித்தார், வண்டியில் போனார், நாலு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. கிளப்பே மதிய உணவு கொடுத்தது. வாகன நிறுத்துமிடத்தில் நின்றபடி தொலைபேசியில் மதிப்பெண் போட்டார். பேச்சுவாக்கில், “11வது ஹோல் எப்படி இருந்தது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “11வதா? அதில் ஒன்றும் இல்லையே” என்றார்.

எனக்கு அன்று முழுக்க அந்த 11வது ஹோல்தான் கண்ணுக்குள் இருந்தது. அந்த நிலத்திலேயே தாழ்வான இடம் அதுதான். மூன்று பக்கத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேர வேண்டும். சாதாரணமான ஆள் அங்கே ஒரு குளம் வெட்டி, அதைச் சுற்றிப் பூச்செடி வைத்துப் படம் எடுக்க ஏற்பாடு செய்திருப்பார். இந்த வடிவமைப்பாளர் ஃபேர்வேயின் (புல்லைக் குட்டையாக வெட்டிய நடுப்பாதை) குறுக்கே, கோணலாக, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு பள்ளவாட்டத்தை இழுத்துவிட்டிருக்கிறார். புல்லுக்கு அடியில் அது ஓடை. மேலே பார்த்தால் வெறும் மெல்லிய அலை. அந்த அலைக்கு இந்தப் பக்கம் பந்தை நிறுத்தினால் கிரீன், அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரை, தெரியாது. அந்தப் பக்கம் தாண்டினால் தெரியும், ஆனால் தாண்ட நினைத்துத் தவறினால் பந்து சறுக்கி ரஃபுக்குள், அதாவது உயரமான புல்லுக்குள், போய்விடும். வடிகாலும் அதுதான், ஆட்டத்தின் புதிரும் அதுதான். ஒரே மண்வெட்டில் இரண்டு வேலை. இதைத்தான் நான் வடிவமைப்பு என்பேன். உங்கள் ஆளுக்கு அது நினைவிலேயே இல்லை. ‘நினைவில் நிற்பது’ என்ற தலைப்பில் அந்த மைதானம் எவ்வளவு வாங்கியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு ரவுண்டில் அவ்வளவுதான் தெரியும். 1921ல் 19 வயது அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்கு முதன்முறையாக பிரிட்டிஷ் ஓப்பன் ஆடப் போனார். மூன்றாவது சுற்றில் முன்பாதி 9 ஹோலுக்கே 46 அடித்து, 11வது ஹோலில் எரிச்சலோடு பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஆட்டத்தைக் கைவிட்டார். அன்று மாலை அவரிடம் மதிப்பெண் தாளைக் கொடுத்திருந்தால் என்ன போட்டிருப்பார்? ஆறு வருடம் கழித்து அதே இடத்தில் ஓப்பனை ஜெயித்தார். 1930ல் பிரிட்டிஷ் அமெச்சூரையும் அங்கேயே ஜெயித்தார். கடைசி வரை அவர் நெஞ்சில் இருந்த மைதானம் அது. 1946ல் இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் ரயிலில் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்து, கைவிடப்பட்ட ஏதோ பழைய கோல்ஃப் மைதானம் என்று நினைத்துக்கொண்டாராம். அந்த வாரமே அங்கே கோப்பையை வாங்கினார். இத்தனை பெரிய ஆட்டக்காரர்களுக்கே முதல் பார்வை ஏமாற்றியிருக்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் மார்க் போடுகிறவர்கள் கொஞ்சம் தயங்கலாம்.

சரி, இப்போது எனக்கு அதிகம் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். பராமரிப்பு.

நீங்கள் ஆடிய அன்று ஃபேர்வே எவ்வளவு உறுதியாகவும் வேகமாகவும் இருந்தது, கிரீன்கள் எப்படி இருந்தன என்று உங்கள் தாள் கேட்கிறது. ‘அன்று’ என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். ஒரு வடிவமைப்பாளர் 1925ல் செய்த வேலைக்கு, போன செவ்வாய்க்கிழமை புல் எந்த உயரத்தில் வெட்டப்பட்டது என்பதை வைத்து மார்க். கச்சேரிக்குப் போய்விட்டு மைக் செட் நன்றாக இருந்தது என்று பாடகருக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவது போல. மைக் செட்டுக்காரருக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். மைதானக் கண்காணிப்பாளர்கள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து செய்யும் வேலை லேசானது இல்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

இதில் வெறும் அநியாயம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். சேதமும் நடக்கிறது. எப்படி என்று கேளுங்கள்.

1935ல் ஓக்மான்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் நடந்தபோது, எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் கிரீன்களின் வேகத்தைப் பார்த்து அசந்துபோய், அதை அளக்க மரத்தில் ஒரு சரிவுக்கட்டை செய்தார். பந்தை அதிலிருந்து உருட்டிவிட்டால் எத்தனை அடி ஓடுகிறது என்பதே அளவு. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. அதைக் கையில் எடுத்து அலுமினியத்தில் செய்து, 1970களின் கடைசியில் மைதானங்களுக்குக் கொடுத்தது. ஒரு மைதானத்துக்குள்ளேயே 18 கிரீன்களும் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் கொடுத்தார்கள். அப்போது நாடு முழுக்க அளந்தபோது சராசரி சுமார் 6.5 அடி. வேகத்துக்குப் பேர்போன ஓக்மான்ட்கூட 10 அடியைத் தொடவில்லை. இன்று நடுத்தரமான கிளப்பில்கூட உறுப்பினர்கள் 11 கேட்கிறார்கள். நீங்கள் வருகிற அன்று 12 இருக்க வேண்டும் என்று கண்காணிப்பாளருக்கு உத்தரவு வருகிறது.

வேகம் கூடினால் என்ன ஆகும்? இது என் துறைக்கு நெருக்கமான கணக்கு. மெதுவான கிரீனில் 100 அடிக்கு 5 அடி இறங்குகிற சரிவில்கூடக் குழி வெட்டலாம், பந்து நிற்கும். 12 அடி வேகத்தில் 3 அடி இறக்கத்தைத் தாண்டினாலே பந்து நிற்க இடம் தேடி உருண்டுகொண்டே போகும். டொனால்ட் ராஸ், அலிஸ்டர் மெக்கன்சி போன்ற பழைய தலைமுறை வடிவமைப்பாளர்கள் மேடும் பள்ளமுமாக வளைத்துச் செதுக்கியவை எல்லாம் அந்தக் காலத்து மெதுவான புல்லுக்காக. வேகத்தை ஏற்றியதும், 6000 சதுர அடி கிரீனில் குழி வைக்க நாலு மூலைதான் மிஞ்சுகிறது. கிளப் கமிட்டி கூடுகிறது. “இந்தக் கிரீனில் நியாயம் இல்லை” என்று தீர்மானம் போடுகிறது. புல்டோசர் வந்து மேட்டைத் தட்டிச் சமமாக்கிவிட்டுப் போகிறது. அப்புறம் நீங்கள் வருகிறீர்கள். வேகமும் சமதளமும் பார்த்துவிட்டுப் பராமரிப்புக்கு 9 போடுகிறீர்கள். 90 வருடத்துக்கு முன் ஒருவர் கையால் வரைந்த வளைவு போய்விட்டது. அது போனதற்காக ஒரு மார்க்கும் குறையவில்லை, ஏனென்றால் அது இருந்தது உங்களுக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் என் வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரின் 2ஆம் எண் மைதானம். டொனால்ட் ராஸ் 1907ல் முடித்து, 1948ல் சாகும் வரை திருத்திக்கொண்டே இருந்த மைதானம். மூன்றாவது கிரீனை ஒட்டித்தான் அவர் வீடு. காலப்போக்கில் அந்த மைதானம் பச்சைப் பசேலென்று பெர்முடா புல்லால் மூடப்பட்டது. 2010-11ல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் வந்து, சுமார் 35 ஏக்கர் புல்லை உரித்தெடுத்தார்கள். மணலும் காட்டுப் புல்லும் திரும்ப வந்தன. தண்ணீர் தெளிப்பான்களைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். ஃபேர்வேயின் பழைய நடுக்கோடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க, மண்ணுக்கடியில் கிடந்த பழைய நீர்ப்பாசனக் குழாயின் தடத்தையும் 1943ல் எடுத்த வான்படத்தையும் பார்த்தார்களாம். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என் மனைவியால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியவில்லை. குழாயைப் பார்த்து ஒரு கலைஞனின் மனசைக் கண்டுபிடிப்பது என்றால் சும்மாவா!

2014ல் ஆண்கள் யு.எஸ். ஓப்பனும் பெண்கள் யு.எஸ். ஓப்பனும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தன. மார்ட்டின் கைமர் எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வாரம் மிஷெல் வீ. தொலைக்காட்சியில் மைதானம் பழுப்பாகத் தெரிந்தது. காய்ந்துபோன புல், பராமரிப்பே இல்லை என்று முணுமுணுத்தவர்கள் ஏராளம். உங்கள் குழுக்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடமும் இதுதான். பழுப்பு என்று பயப்படாமல் அந்த வேலையைக் கொண்டாடினீர்கள். அது மற்ற கிளப்களுக்கும் தைரியம் கொடுத்தது. ஆகவே உங்களால் முடியாது என்று நான் சொல்லவே இல்லை. முடியும் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆனால் அதே பைன்ஹர்ஸ்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆமை முதுகு போல உயர்ந்த அந்தக் கிரீன்கள் ராஸின் முத்திரை என்று எல்லோரும் சொல்கிறோம். 1935 வரை அங்கே புல் கிரீனே கிடையாது, மணல் கிரீன்கள்தான். புல் வந்தபின் பல பத்தாண்டுகளாக மேலே மேலே மணல் தூவித் தூவியே அந்த முதுகு இவ்வளவு உயர்ந்தது என்று மைதான வரலாறு எழுதுகிறவர்களில் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் நீங்கள் போடும் மார்க்கில் ராஸுக்கு எவ்வளவு, மணல் தூவிய தொழிலாளிகளுக்கு எவ்வளவு?

யாருடைய வேலை என்ற கேள்வி பட்டியலின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் காலங்காலமாக முதலிடத்திலோ பக்கத்திலோ வைத்திருக்கும் பைன் வேலியை உருவாக்கிய ஜார்ஜ் கிரம்ப், பிலடெல்பியாவில் ஹோட்டல் நடத்தியவர். வாழ்க்கையில் வேறு மைதானமே செய்யாதவர். 1918ல் அவர் இறந்தபோது 14 ஹோல்கள்தான் தயார். மீதி நான்கையும் மற்றவர்கள் முடித்தார்கள். அதில் இங்கிலாந்து வடிவமைப்பாளர் ஹாரி கோல்ட்டின் கை எவ்வளவு என்று இன்றும் வாதம் நடக்கிறது. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனலையோ அலிஸ்டர் மெக்கன்சி முழுதாக முடிந்த நிலையில் பார்த்ததே இல்லை. முதல் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு, 1934 ஜனவரியில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறின. 10வது கிரீனை பெரி மேக்ஸ்வெல் பின்னுக்கு நகர்த்தினார். 16வது ஹோலை ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் புதிதாகவே செய்தார். 1981ல் கிரீன்களின் புல்வகையே மாறியது. இன்றைக்கு அங்கே ஆடிவிட்டு வந்து ‘மெக்கன்சியின் மேதைமை’ என்று எழுதினால், பேரன் கட்டிய மாடி வீட்டைப் பார்த்துத் தாத்தாவின் ரசனையைப் புகழ்வது போலத்தான்.

அடுத்தது நிலம். நெப்ராஸ்காவில் 1995ல் திறந்த சேண்ட் ஹில்ஸ், உங்கள் நவீனப் பட்டியல்களின் செல்லப்பிள்ளை. தகுதியான மைதானம், சந்தேகம் இல்லை. கூரும் கிரென்ஷாவும் அந்த மணல்மேடுகளில் நடந்து நடந்து நூற்றுக்கு மேற்பட்ட ஹோல்களை அடையாளம் கண்டு, அவற்றிலிருந்து 18ஐத் தேர்ந்தெடுத்தார்கள். மண்ணை வெட்டிய வேலை மிகக் குறைவு. ஆரிகன் கடற்கரையில் பேண்டன் வட்டாரத்து மைதானங்களும் இப்படித்தான். மணல், காற்று, கடல். டாம் டோக் செய்த பசிஃபிக் டியூன்ஸில் நின்றால் யாருக்கும் பேச்சு வராது. ஆனால் வடிகால்காரனாகச் சொல்கிறேன்: மணல் பூமி கிடைத்தால் என் வேலையில் பாதி மிச்சம். பெய்த மழை நின்ற இடத்திலேயே கீழே போய்விடும். அங்கே வடிவமைப்பாளரின் திறமை, கையை வைக்காமல் இருப்பதில் இருக்கிறது. அது பெரிய திறமை. களிமண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு அங்குலச் சரிவுக்கும் மல்லுக்கட்டுகிறவரின் திறமை வேறு. உங்கள் தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். பசிஃபிக் சமுத்திரத்துக்கு ‘அழகு’ தலைப்பில் 10 போட்டுவிட்டு, அதை வடிவமைப்பாளரின் கணக்கில் வரவு வைக்கிறீர்கள்.

இங்கே என் வாதமே என்னைத் திருப்பிக் கடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டை நிலத்தில் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்குவதுதான் வடிவமைப்பு என்றால், டாம் ஃபேசியோ லாஸ் வேகஸ் பாலைவனத்தில் செய்த ஷேடோ கிரீக்தான் முதலிடத்தில் இருக்க வேண்டும். தட்டையான பாலையைத் தோண்டி, மேடாக்கி, ஓடை விட்டு, பைன் மரங்களைக் கொண்டுவந்து நட்டு, ஒரு மலைக்காடே கட்டிவிட்டார். 1990களில் கோல்ஃப் டைஜஸ்ட் அதை எடுத்த எடுப்பிலேயே முதல் பத்துக்குள் வைத்தபோது பலர் கொதித்தார்கள். விஸ்கான்சினில் பீட் டை செய்த விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸும் இந்த ரகம்தான். முன்பு ராணுவப் பயிற்சி முகாமாக இருந்த தட்டை நிலத்தை அயர்லாந்துக் கடற்கரை மாதிரி மாற்றி, ஆயிரத்தை நெருங்கும் பங்கர்களை (மணல் குழிகளை) தூவியிருக்கிறார். எது பங்கர், எது சும்மா மணல் என்றே தெரியாமல், 2010 பி.ஜி.ஏ. போட்டியின் கடைசி ஹோலில் டஸ்டின் ஜான்சன் மட்டையை மணலில் ஊன்றி இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை வாங்கினார். இந்த இரண்டும் எனக்கு முழு மனதோடு பிடிக்கவில்லை. ஆனால் அவற்றின் பின்னால் இருக்கும் உழைப்பை மறுக்கவும் முடியவில்லை. ஆகவே எதை மேலே வைப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. நிலம் முன்னால் எப்படி இருந்தது, கையில் எவ்வளவு பணம் இருந்தது என்று ஒரு முறை கேட்டுவிட்டு மார்க் போடுங்கள் என்கிறேன். ஒரு பழைய நில உயர வரைபடத்தைக் கொடுங்கள் என்று கேட்டால் எந்த கிளப்பும் மறுக்காது. பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு முதல் டீக்குப் போனால் வேறு கண்ணோடு போவீர்கள்.

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபுளோரிடாவில் வின்டர் பார்க் என்ற ஊரின் நடுவில், தெருக்களுக்கு இடையே 9 ஹோல் கொண்ட நகராட்சி மைதானம் ஒன்று உண்டு. நூறு வயது தாண்டியது. 2016ல் கீத் ரெப், ரைலி ஜான்ஸ் என்ற இருவர் மிகச் சிறிய பட்ஜெட்டில் அதன் கிரீன்களைத் திரும்பச் செய்தார்கள். தாத்தாக்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆடுகிற இடம். ஒவ்வொரு கிரீனிலும் ஒரு குறும்பு. டென்னசியில் வெள்ளச் சமவெளியில் ராப் காலின்ஸ் செய்த ஸ்வீட்டன்ஸ் கோவும் 9 ஹோல்தான். கோல்ஃப்வீக் அதைத் தன் நவீனப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது, சபாஷ். 9 ஹோல் மைதானங்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டதும் நல்ல காரியம்தான். ஆனாலும் தனிப் பந்தி என்பது தனிப் பந்திதானே. 18 இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய பந்தியில் இலை போடாமல் விடுவது எனக்கு உறுத்துகிறது. குறுநாவலை நாவலில்லை என்று ஒதுக்கலாம், மோசமான எழுத்து என்று ஒதுக்க முடியாது.

முன் டீக்களைப் பற்றி ஒரு சொல். பீட் டையின் மனைவி ஆலிஸ் டை தானே ஒரு வடிவமைப்பாளர், பெரிய ஆட்டக்காரர். ஃபுளோரிடாவில் உள்ள சாக்ராஸ் மைதானத்தின் 17வது ஹோலில் தீவு கிரீன் அவர் யோசனைதான். அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர், பிறகு முதல் பெண் தலைவர். பெண்களுக்கான டீக்களை ஏதோ ஒரு மூலையில் இரண்டு பிளாஸ்டிக் குமிழ் வைத்து முடித்துவிடாதீர்கள், அவற்றையும் யோசித்து வையுங்கள் என்று ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர். முன் டீயிலிருந்து பார்த்தால் அந்தப் பங்கர் ஆட்டத்துக்குள் வருகிறதா, அந்த ஓடையைத் தாண்ட முடிகிறதா என்பதெல்லாம் வடிவமைப்புதான். என் மனைவி ஆடும்போது கூட நடந்துதான் இதை நான் கற்றுக்கொண்டேன். 150 கஜம் அடிக்கிறவருக்குப் பல புகழ்பெற்ற ஹோல்கள் வெறும் நீண்ட நடை. யோசிக்கவே ஒன்றும் இருக்காது. அந்த டீயில் நின்று பார்க்க உங்கள் தாளில் எந்தக் கட்டமும் இல்லை. அடுத்த முறை உங்களோடு ஹேண்டிகேப் 28 உள்ள ஒருவரை அழைத்துப் போய், பாதி ஹோல்களுக்கு உங்கள் பந்தை விட்டுவிட்டு அவருடைய பந்தை மட்டும் கவனியுங்கள்.

இலவச ரவுண்டு, விருந்தோம்பல் பற்றி நிறைய பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். குழுவில் சேருவதற்கே கட்டணம் வாங்கும் பத்திரிகைகளும் இருக்கின்றன. அதில் நான் நேரம் செலவிடப் போவதில்லை. நீங்கள் லஞ்சம் வாங்குகிறவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நல்ல சாப்பாடு சாப்பிட்ட வயிற்றுக்கு எல்லா கிரீனும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான்.

கடைசியாக ஓர் அழைப்பு. எங்கள் ஊர் நகராட்சி மைதானம் செம்மண் களியில் கிடக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லை. கிளப் வீட்டுப் பலகையில் வடிவமைப்பாளர் பெயர்கூட இல்லை. இரவு ஒன்றிரண்டு அங்குல மழை கொட்டினால், மறுநாள் காலை பாதி மைதானம் சேறு. ஆனால் 6வது கிரீன் மட்டும் காய்ந்திருக்கும். நான் பலமுறை சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறேன். அதைச் செய்த யாரோ ஒருவர், கிரீனின் பின்பக்க மேட்டை இரண்டாகப் பிளந்து, மேலேயிருந்து வரும் தண்ணீரை இரு பக்கமும் ஒதுக்கிவிட்டிருக்கிறார். அந்தப் பிளவுதான் இடப்பக்கமிருந்து வரும் பந்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது, வலப்பக்கமிருந்து வந்தால் வெளியே தள்ளுகிறது. வெயில் நாளில் வந்தால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே மழை பெய்த மறுநாள் வாருங்கள். நடந்து ஆடலாம், அன்று வண்டி விடமாட்டார்கள். கிரீன் கட்டணம் 42 டாலர். விருந்தினர் சலுகை கிடையாது, நீங்களேதான் கட்ட வேண்டும். பழைய ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஹேண்டிகேப் 19 வைத்திருக்கும் ஒரு வடிகால்காரன்,
வட கரோலினா